வெங்கடம்மா சொன்னதும் நான் சொன்னதும்

1. மின்தடை

டிவியில் நான் வாசித்த முதல் அறிவிப்பே தப்பு. பெருமை பேச வந்தவள் இப்படி ஆரம்பிக்கிறாளே என்று பார்க்காதீர்கள். பெருமை பின்னால் வருகிறது, நிறையவே வருகிறது. முதலில் இதைக் கேளுங்கள்.

ஓசூரில் அப்போது ஒரு கேபிள் சேனல் இருந்தது. ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் ஒரே அறை. அதுதான் ஸ்டுடியோ, அதுதான் ஆபீஸ், மத்தியானம் அதுதான் சாப்பாட்டு அறை. சத்தம் மைக்கில் ஏறும் என்று ரெக்கார்டிங் சமயத்தில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். முகத்தில் பவுடர் வழிய வழிய வாசிப்போம். எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் படிப்பு இல்லை, மொழி. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தார்ப்பாய், கயிறு விற்கிற கடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு மூன்று மொழியும் தானாக வந்துவிட்டது. சேனல் ஓனர் என்னைச் சோதித்ததுகூட அப்படித்தான். தமிழில் கேள்வி கேட்டு, தெலுங்கில் பதில் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

முதல் நாள் மின்தடை அறிவிப்பு. மறுநாள் பேரிகைப் பக்கம் கரண்ட் இல்லை. தாளில் இரண்டு ஊரும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. கண் ஒரு வரி தாண்டிவிட்டது. பேரிகைக்குப் பதிலாகப் பாகலூர் என்று கணீரென்று வாசித்தேன். மறுநாள் பாகலூரில் அண்டா, குண்டா, தவலை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, கரண்ட் போகுமா போகுமா என்று ஜனங்கள் காத்திருந்திருக்கிறார்கள். பேரிகையில் அரைத்துக்கொண்டிருந்த மாவோடு மில் நின்றிருக்கிறது. மத்தியானத்துக்குள் இரண்டு ஊர்க்காரர்களும் அத்தா கடைக்கே வந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் போனார்கள்.

அத்தா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொன்னார்.

"நீ சொன்னேன்னு ஒரு ஊரே தண்ணி புடிச்சி வெச்சிருக்குது. அத நெனச்சிக்க."

எனக்குப் பயமாக இருந்தது. மறைப்பானேன், கொஞ்சம் போதையாகவும் இருந்தது. நான் சொன்னால் ஊர் கேட்கிறதே என்ற போதை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது உண்டு. இல்லை என்கிறவர் பொய் சொல்கிறார்.

2. மூணு வரி மேடம்

கேபிளில் சில வருடம் ஓட்டிவிட்டு, சென்னைச் சேனல் ஒன்றுக்கு ஸ்ட்ரிங்கர் ஆனேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செய்தியெல்லாம் என் தலையில். ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கினால் நான். கெலமங்கலம் சந்தையில் தக்காளியைக் கொட்டினால் நான். கம்பெனி வாசலில் ஸ்ட்ரைக் என்றால் ஷிப்ட் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் நான். கேமராவையும் ஸ்டாண்டையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். பர்தாவோடு மொபெட்டில் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு போகிற ஒரே ரிப்போர்ட்டர் இந்த ஜில்லாவிலேயே நான்தான். டிராபிக் போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும் வழி விடுவார். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு சேனல் மேற்கு மாவட்டங்களின் பிரச்சினைகளுக்கென்று ஒரு டிபேட் ஆரம்பித்தது. பெயர் 'ஊர்க் கேள்வி'. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஓசூரிலிருந்தே லைவ். அவுட்புட் பொறுப்பில் சென்னையில் இருந்தவர் கதிரவன் சார். நிகழ்ச்சி நடக்கும்போது என் காதில் பேசுகிறவர் அவர்தான். அந்தக் காதுக் கருவியை டாக்பேக் என்போம். 'பிரேக் போ', 'அவரை நிறுத்து', 'முப்பது செகண்ட்தான் இருக்கு' என்று உள்ளே ஒரு குரல் விரட்டிக்கொண்டே இருக்கும். வெளியே நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு விருந்தாளிக்குப் பரிமாறுவது மாதிரிதான்.

எங்கள் பக்கத்து டிபேட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு, சென்னைக்காரர்களுக்கு அது புரியாது. பேனலில் உட்காருகிறவர் தமிழில்தான் ஆரம்பிப்பார். கோபம் வந்துவிட்டால் அவரவர் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். ஒருத்தர் தெலுங்கில் கேட்க, இன்னொருத்தர் கன்னடத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் நன்றாகப் புரியும். திருநெல்வேலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்தான் பாவம். அதனால் ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அதன் சாரத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். அதில்தான் நான் கில்லாடி. மூன்று நிமிஷம் பேசியதை மூன்று வரியில் பிழிந்து கொடுத்துவிடுவேன். ஆபீஸில் எனக்கு 'மூணு வரி மேடம்' என்றே பேர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என் டேப்பைப் போட்டுக் காட்டி, ஆங்கர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள். அந்த மூன்று வரியே ஒருநாள் என்னைக் கவிழ்த்தது.

3. மழை

பாகலூர் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஊருக்கு ஒரு ஏரி, ஏரிக்கு மேல்புறம் ஒரு கம்பெனி. ஏரித் தண்ணீர் கெட்டுப்போகிறது, போர்வெல்லிலும் நாற்றம் வருகிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். எங்கள் கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை என்று கம்பெனி சொன்னது. அதே கம்பெனி இரண்டாவது யூனிட் கட்ட அனுமதி கேட்டிருந்தது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் இரண்டு வாரத்தில். அதற்கு முன்னால் 'ஊர்க் கேள்வி'யில் அதை எடுத்தோம்.

கம்பெனி சார்பில் மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ், கையில் ஃபைல். ஊர் சார்பில் வெங்கடம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏரிக்குக் கீழே குத்தகை நிலத்தில் கொத்தமல்லி போடுகிறவர். ஓசூர் மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும் என்பதால் விடியற்காலை இருட்டிலேயே வயலுக்குப் போய் அறுப்பார். கேமராவைக் கண்டு அவர் மிரளவே இல்லை. தெலுங்கில் நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

அவர் சொன்னது இதுதான். ராத்திரி மழை பிடித்து, விடியற்காலையிலும் விடாமல் பெய்கிற நாளில் மட்டும் கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு குழாய் திறக்கிறது. அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீரோடு கலந்து ஏரிக்கு வருகிறது. பால் மாதிரி வெளுத்து வருகிறது, மூக்கு எரிகிறது. இரண்டு நாளில் மல்லி மஞ்சளாகிவிடுகிறது. பகலில் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் ஏரிக்கு ஒன்றும் ஆவதில்லை. நாலைந்து முறை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி பேச முடியுமா? ஆனால் டாக்பேக்கில் கதிரவன் சார், நாற்பது செகண்டில் பிரேக் என்று கத்திக்கொண்டிருந்தார். குழாய் விஷயத்தை அடுத்த சுற்றில் தனியாக எடுத்துக் கம்பெனிக்காரரை மடக்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். என் திறமையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "மழை பெய்தால் ஏரித் தண்ணீர் கெட்டுப்போகிறது, பயிரும் வீணாகிறது என்கிறார் வெங்கடம்மா."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது அந்த அதிகாரிக்கு. உடனே பிடித்துக்கொண்டார்.

"எக்ஸாக்ட்லி மேடம். நாங்களும் அதைத்தான் சொல்றோம். மழை பெஞ்சா வயல்ல போட்ட உரமும் மருந்தும் அடிச்சிட்டு ஏரிக்கு வருது. அம்மாவே ஒத்துக்கிட்டாங்க."

பிரேக் வந்துவிட்டது. பிரேக் முடிந்து இன்னொரு விருந்தினர் நீட்டிவிட்டார். நான் நினைத்த அடுத்த சுற்று வரவே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் கதிரவன் சார் சூப்பர் என்றார். நானும் நல்ல ஷோ என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் போன் ஆரம்பித்தது. எல்லாம் தெலுங்கு தெரிந்தவர்கள். பேரிகையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் சொன்னார், அந்தம்மா குழாய் என்றார், நீங்கள் மழையோடு நிறுத்திவிட்டீர்களே என்று. அதற்குள் நான் பேசியதையும் அதிகாரி பேசியதையும் மட்டும் வெட்டி ஒரு வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே தலைப்பு: 'விவசாயியே ஒப்புக்கொண்டார்'. யார் வெட்டியதோ தெரியாது. ஆனால் வெட்டுவதற்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் நான்.

4. மைக்கில் சொன்னது

வெங்கடம்மா போன் செய்யவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அன்றைக்கே கிளம்பிப் போனேன். வயலில் உட்கார்ந்து மல்லிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். தனியாக. எப்போதும் விடிந்த பிறகு கட்டுக் கட்ட வருகிற பெண்கள் அன்று வரவில்லை. கம்பெனியிடம் கை நீட்டி வாங்கிவிட்டு டிவியில் மாற்றிப் பேசிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. தண்ணீர் பிடிக்கிற தெருக் குழாயடியில் யாரும் அவரோடு பேசவில்லையாம். டிவியில் தெலுங்கைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர், வாட்ஸ்அப்பில் தமிழைப் பார்த்தவர்கள் ஊர் முழுக்க. கூட்டத்தில் நீ பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம். குழாயைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் வாயை அடைத்துவிட்டால் கூட்டத்தில் ஊருக்குச் சாட்சியே இல்லை.

நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். "நேனு செப்பிந்தி அதி காது" என்றார், நான் சொன்னது அது இல்லை என்று. பிறகு எனக்கு உறைக்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழுக்கு மாறினார்.

"நான் சொன்னத நீ வாயில போட்டு மென்னு, சக்கையத் துப்பிட்டம்மா. இங்க வந்து மன்னிப்புக் கேட்டா யாருக்குத் தெரியும்? மைக்குல சொன்னத மைக்குலதான் எடுக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிப்போர்ட்டர் அழக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். அழுதேன். அவர் மல்லிக் கட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

வண்டியை எடுப்பதற்கு முன்பே கதிரவன் சாரை அழைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சேனலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு: தவறு என்றால் கீழே ஸ்க்ரோலில் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். ஆங்கர் திரையில் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் யாரும் அந்த முகத்தை நம்ப மாட்டார்கள் என்பது அவர் கட்சி. நான் சொன்னேன், ஸ்க்ரோலைப் படிக்கத் தெரியாதவருக்குத்தான் நான் துரோகம் செய்திருக்கிறேன் சார் என்று. ரொம்ப நேரம் இழுபறி. கடைசியில் நான் இதைச் சொன்னேன்: அடுத்த ஞாயிறு வெங்கடம்மா உட்கார நாற்காலி இல்லை என்றால் எனக்கும் வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம் இருந்தது.

கதிரவன் சார் சொன்னார்: "மொத பத்து நிமிஷம் உங்களுது. டாக்பேக்ல நான் வாயத் திறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை இப்படி ஆரம்பித்தேன்: போன வாரம் வெங்கடம்மா சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டேன், அதனால் அவர் சொன்னதன் பொருளே தலைகீழாகிவிட்டது, தப்பு என்னுடையது. பிறகு போன வாரத்து டேப்பை வெட்டாமல் போட்டோம். அவர் ஒரு வாக்கியம் பேசியதும் நிறுத்துவோம். நான் தமிழில் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவரிடமே திரும்பி, சரியா என்று கேட்பேன். அவர் தலையாட்டினால்தான் அடுத்த வாக்கியம். இரண்டு இடத்தில் அவர் தலையாட்டவில்லை. வெள்ளையாக வருகிறது என்றேன், பால் மாதிரி என்று திருத்தினார். அடிக்கடி என்றேன், நாலைந்து முறை, அதற்கு மேல் நான் சொல்லவில்லை என்றார். லைவில், ஜில்லா முழுக்கப் பார்க்க, ஒரு மல்லிக்காரர் என்னைத் திருத்துகிறார். என் தொழிலில் அதைவிடக் கம்பீரமாக நான் உட்கார்ந்த நாள் கிடையாது. நம்பினால் நம்புங்கள்.

கம்பெனி அதிகாரியும் வந்திருந்தார். பகல் மழைக்கும் வயலில் இதே உரம்தானே இருக்கிறது, விடியற்கால மழைக்கு மட்டும் ஏன் தண்ணீர் கெடுகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். செக் பண்ணிச் சொல்கிறேன் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அவரை அடிக்க நான் அன்று உட்காரவில்லை.

மறுநாள் வெங்கடம்மா வீட்டு வாசலுக்கு ஊர்ப் பெண்களே வந்து, கூட்டத்தில் நீதான் பேச வேண்டும் என்றார்களாம். முகம் நம்பிக்கையை இழக்கும் என்றாரே கதிரவன் சார்? அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் யாருக்கு மைக் நீட்டினாலும், 'நூர்ஜகான் மேடம்தானே, சொன்னா சொன்னபடி போடுவாங்க' என்றுதான் பேச ஆரம்பித்தார்கள்.

5. கூட்டம்

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷத்து மழையில் ஒரு விடியற்காலை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் குடையோடு வந்து காம்பவுண்டுக்குப் பின்னால் நின்றார்கள். குழாய் இருந்தது, திறந்தும் இருந்தது. அடைத்து சீல் வைத்தார்கள். இரண்டாவது யூனிட் அதோடு நின்றது. ஆனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை அது இல்லை, அதற்கு முன்னால் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் அதிகாரிகள், கீழே நானூறு ஐந்நூறு பேர். வெங்கடம்மா தெலுங்கில் பேசுவேன் என்றதும் தமிழில் சொல்ல ஆள் தேடினார்கள். அவர் செய்தியாளர் வரிசையில் இருந்த என்னைக் கை காட்டினார். செய்தி சேகரிக்கப் போனவள் மேடை ஏறலாமா என்று பிற்பாடு கதிரவன் சார் கேட்கத்தான் செய்தார். முறைப்படி ஏறக் கூடாதுதான். ஏறினேன்.

நாலு வாக்கியம் போனதும் கூட்டத்தை நடத்திய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள் அம்மா என்றார். இருபத்தைந்து வருஷம் சுருக்கிச் சுருக்கியே சோறு சாப்பிட்டவள் நான்.

"முடியாதுங்க சார். அவங்க எவ்வளவு சொல்றாங்களோ அவ்வளவு நானும் சொல்லணும்" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. அவர் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. வெங்கடம்மா பேசப் பேச வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அவர் என்னைத் திருத்தவில்லை. அதற்காக நான் பட்ட சந்தோஷத்தை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

எல்லோரும் பேசி முடித்ததும் பதிவேட்டில் எழுதியதை எழுத்தர் படித்தார். வெங்கடம்மாவின் பெயர் வந்தது. மழை பெய்யும் நாட்களில் ஏரி நீர் மாசடைவதாகவும், கம்பெனி வளாகத்தின் பின்புறம் குழாய் உள்ளதாகவும் தெரிவித்தார் என்று படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்திருக்கப் போனேன். அதற்குள் வெங்கடம்மா எழுந்து நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றுவிட்டார். மைக் இல்லை. தமிழிலேயே பேசினார்.

"சாமி, வெடியக்காலம்னு சொன்னேன். பகல்ல பேஞ்சா ஒண்ணும் ஆவறதில்லன்னும் சொன்னேன். ரெண்டையும் உட்டுட்டீங்க. அத உட்டா நான் சொன்னது எனக்கே எதிரா திரும்பிக்குது. ஒரு தபா பட்டுட்டேன்."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதச் சொன்னார்.

புதிதாக இந்த நாற்காலிக்கு வருகிறவர்களே, மொழி தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்தவள் நான். அடுத்தவர் பேச்சைக் கையில் வாங்குகிறவர், வாங்கியபடியே அதை இறக்கி வைக்க வேண்டும். அழகாகச் சொல்வது, வேகமாகச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை எனக்கு எந்த ஆபீஸும் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகு ஒருநாளும் மீறவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

எழுத்தர் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். வெங்கடம்மா அங்கிருந்து நகரவில்லை.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றார்.

படித்தார்கள்.